குழாயில் குற்றம் காணல்

குற்றம் கண்டுபிடிக்கும் வித்தையில் நம்மவர்களை மிஞ்சியவர் எவரும் இல்லை என்பது நமது நெடுநாளைய நம்பிக்கை. நக்கீரனார் பிறந்த நாடல்லவா? கல்யாணப் பந்தியில் ரஸத்துக்கு உப்புப் போதவில்லை, கச்சேரியில் மிருதங்கத்துக்குச் சுருதி சேரவில்லை, சம்பந்தி வீட்டார் விசாரித்த விதம் சரியில்லை என்று நொடிப் பொழுதில் சொல்லிவிடுவோம். ஆனால் குற்றம் காண்பதையே ஒரு பரீக்ஷையாக வைத்து, அதில் தேறினால்தான் ஒருவனுக்குப் பிழைப்பு உண்டு என்று ஒரு தேசத்தார் விதித்திருக்கிறார்கள் என்பதும், அந்தப் பரீக்ஷையில் நம்மிடம் படித்த பையன் ஒருவன் ஒரு தடவை தோற்றுப் போனான் என்பதும் சென்ற மாதந்தான் நமக்குத் தெரிய வந்தன.

பையன் என்று பழக்கத்தினால் சொல்லிவிட்டோம். இப்போது அவருக்கு முப்பது வயதுக்கு மேல். இங்கிலாந்தில் வீடுகளுக்குக் காஸ் குழாய் அமைக்கும் தொழிலில் இருக்கிறார். விடுமுறையில் ஊருக்கு வந்தவர், பழைய உபாத்தியாயரை மறக்காமல் ஒரு மாலை நேரத்தில் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தார். க்ஷேத்திர கணிதத்தில் அவருக்கு நாம் எத்தனை மார்க்குப் போட்டோம் என்பதை இருவருமே நினைவுபடுத்திக் கொள்ளவில்லை. பேச்சு அவருடைய தொழிலைப் பற்றித் திரும்பியது. "ஸார், நீங்கள் வைத்த பரீக்ஷை எல்லாம் ஒரு பரீக்ஷையா! அங்கே வைத்தார்கள் பாருங்கள்" என்று ஆரம்பித்தார்.

அந்த நாட்டில் வீட்டுக் காஸ் வேலையை எவனும் ஸ்பானரும் கையுமாகப் புறப்பட்டுச் செய்துவிட முடியாது. சட்டப்படி பதிவு செய்துகொண்டவர்கள்தான் செய்யலாம். 2009-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி முதல் அந்தப் பதிவேட்டுக்குக் 'காஸ் ஸேப் ரிஜிஸ்தர்' என்று பெயர். அதில் இடம் பெற வேண்டுமானால் எழுத்துப் பரீக்ஷையும் செய்முறைப் பரீக்ஷையும் தேற வேண்டும். தேறியபின் ஆயுள் முழுதும் கவலையில்லை என்றும் இருந்துவிட முடியாது. 5 வருஷத்துக்கு ஒரு தடவை மறுபடியும் பரீக்ஷைக்கு உட்கார வேண்டும். (இந்த விதியை உபாத்தியாயர்களுக்கும் கொண்டு வந்தால் என்ன என்று நண்பர் ஒருவரிடம் கேட்டோம். அவர் உடனே பேச்சை மாற்றிவிட்டார்.)

செய்முறைப் பரீக்ஷையின் ஒரு பகுதிதான் நாம் சொல்ல வந்தது. ஒரு பெரிய கொட்டகைக்குள் சிறு சிறு அறைகளாகத் தடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு வீட்டின் சமையலறை போலவோ கூடம் போலவோ அமைத்திருக்கிறார்கள். மீட்டர் உண்டு, குழாய் உண்டு, அடுப்பு உண்டு. எல்லாம் பார்வைக்குச் செவ்வையாகவே இருக்கும். ஆனால் பரீக்ஷகர் முன்கூட்டியே அங்கங்கே வேண்டுமென்றே பிழைகளைப் புதைத்து வைத்திருப்பார். உள்ளே போகிறவன் அவற்றை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, இது என்ன பிழை, எவ்வளவு அபாயமானது, இதற்கு நான் என்ன செய்வேன் என்று சொல்ல வேண்டும். எத்தனை பிழை இருக்கிறது என்று சொல்ல மாட்டார்கள்.

என்னென்ன பிழைகள் என்று கேட்டோம். நம்முடைய பேனாவையும் திருத்தி முடித்த விடைத்தாள் ஒன்றின் பின்புறத்தையும் வாங்கிக்கொண்டு படம் போட்டுக் காட்டினார். க்ஷேத்திர கணிதத்தில் இப்படிப் போட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

முதலாவது, சுவரைத் துளைத்துக்கொண்டு போகும் குழாய். சீமை வீடுகளின் வெளிச்சுவர் பெரும்பாலும் இரட்டைச் சுவராக இருக்கும். நடுவே சிறிது இடைவெளி. செப்புக் குழாய் அதைக் கடக்கும்போது வெறுமனே செங்கல்லுக்கும் சாந்துக்கும் நடுவே புதைந்து போகக் கூடாது. அதற்கு உறை போல வேறொரு குழாயைச் செருகி, அதற்குள்ளே காஸ் குழாயைக் கொண்டு போக வேண்டும். உறைக்கும் குழாய்க்கும் நடுவே உள்ள சந்தை வீட்டுப் பக்கத்தில் மட்டும் அடைத்து, வெளிப் பக்கத்தைத் திறந்து விட வேண்டும். என்றாவது ஒரு நாள் சுவருக்குள் குழாய் கசிந்தால், காஸ் வீட்டுக்குள் வராமல் வெளியே போக வேண்டும் என்பது நோக்கம். பரீக்ஷை அறையில் உறை இருக்கிறது. ஆனால் அடைப்பை வெளிப் பக்கத்தில் வைத்து, உட்பக்கத்தைத் திறந்து விட்டிருக்கிறார்கள். உறையைப் பார்த்ததும் திருப்தி அடைந்து நகர்ந்தவன் அகப்பட்டுக்கொள்வான்.

இரண்டாவது, மின்சாரக் கம்பி. காஸ் குழாய்க்கும் மின்சாரக் கம்பிக்கும் இடையே குறைந்தது 25 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குல தூரம் வேண்டும். மின்சார மீட்டர் முதலிய பெட்டிகளுக்கு 150 மில்லிமீட்டர். அடுப்புக்குப் பின்னால் இருட்டில் ஒரு கம்பி குழாயின் மேல் சாய்ந்துகொண்டிருக்கும். குனிந்து விளக்கடித்துப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

மூன்றாவது, குழாயைத் தாங்கும் பிடிப்புகள். 15 மில்லிமீட்டர் செப்புக் குழாய் படுக்கையாகப் போனால் ஒன்றரை மீட்டருக்கு ஒரு பிடிப்பு, செங்குத்தாகப் போனால் 2 மீட்டருக்கு ஒன்று. நடுவிலே ஒன்றைக் கழற்றிவிட்டால் குழாய் தன் பாரத்தினால் தொய்கிறது. தொய்வினால் இன்றைக்கு ஒன்றும் ஆகாது. பத்து வருஷம் கழித்து இணைப்பு ஒன்று நோகும்.

பற்ற வைத்த இணைப்பைச் சுற்றித் துடைக்காமல் விட்ட பசையும் அப்படித்தான். ஈயம் ஓடுவதற்காகத் தடவும் அந்தப் பசை, செம்பை மெள்ள மெள்ள அரிக்கும் தன்மையுடையது. ஈரத்துணியால் ஒரு துடைப்புத் துடைத்திருந்தால் தீர்ந்தது. துடைக்காமல் போனவனுடைய சோம்பல் பல வருஷங்களுக்குப் பின் வேறொருவனுடைய வீட்டில் பச்சைக் களிம்பாகப் பூக்கிறது.

இன்னொரு பிழையை அவர் சொன்னபோது நமக்குச் சிரிப்பு வந்தது. மீட்டருக்கு அருகில், ஆபத்துக் காலத்தில் காஸை நிறுத்துவதற்கென்று ஒரு வால்வ் இருக்கும். அதன் பிடி குழாயோடு ஒரே நேராக இருந்தால் திறப்பு, குறுக்காக இருந்தால் மூடல். அந்தப் பிடியைக் கழற்றித் திருப்பி மாட்டிவிட்டிருந்தார்களாம். மூடியிருப்பதாகக் காட்டும்போது திறந்திருக்கும். திறந்திருப்பதாகக் காட்டும்போது மூடியிருக்கும். உள்ளே ஒன்றும் புறத்தே ஒன்றுமாக இருப்பது மனிதருக்கு மட்டுமே உரியது என்று நாம் எண்ணியிருந்தோம்.

பச்சையும் மஞ்சளுமான தரைக் கம்பி மீட்டரிலிருந்து 600 மில்லிமீட்டருக்குள் குழாயோடு இணைந்திருக்க வேண்டியது, சமையல் அடுப்புக்குப் போகும் வளையும் குழாய் நெரியாமல் தொங்க வேண்டியது, இவற்றையெல்லாம் விரைவாகச் சொல்லிக்கொண்டு போனார். நமக்கு எல்லாம் நினைவில் இல்லை.

பிழையைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. அதை எடை போட வேண்டும். அங்கே அதற்கு இரண்டு தட்டுகள் வைத்திருக்கிறார்கள். அப்படியே விட்டுப் போனால் இப்போதே உயிருக்கு ஆபத்து என்றால் அது 'உடனடி அபாயம்'. இப்போது ஒன்றுமில்லை, ஆனால் நிலைமை ஒன்று மாறினால் ஆபத்தாகக் கூடும் என்றால் அது அடுத்த தட்டு. முதல் வகையானால் வீட்டுக்காரருடைய சம்மதத்துடன் அந்த இடத்திலேயே காஸைத் துண்டிக்க வேண்டும். எச்சரிக்கைச் சீட்டு ஒன்றைக் கட்ட வேண்டும். எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும்.

இங்கேதான் நாம் ஒரு சந்தேகம் எழுப்பினோம். "வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை என்றால்?"

"அதுதான் ஸார் கஷ்டம்" என்றார். "பனிக்காலத்தில் ஒரு கிழவி வீட்டுக்குப் போகிறேன். குளிர் எலும்பைத் துளைக்கிறது. காஸை நிறுத்தினால் அந்த வீட்டில் கணப்பு இல்லை, வெந்நீர் இல்லை. 'இருபது வருஷமாக இப்படித்தான் இருக்கிறது, ஒன்றும் ஆகவில்லையே' என்கிறாள். அவளிடம் என்ன சொல்வது? பரீக்ஷையில் பரீக்ஷகரே அந்தக் கிழவியாக நடிப்பார். நாம் கெஞ்ச வேண்டும், விளக்க வேண்டும். கடைசிவரை மறுத்தால் அவசர உதவிக்காரருக்கு டெலிபோன் செய்துவிட வேண்டும். பார்த்தும் பாராதது போல வந்துவிட மட்டும் கூடாது."

இருபது வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே என்னும் வாக்கியம் எந்தத் தேசத்துக் கிழவியும் சொல்லக் கூடியதே.

இனி அவர் தோற்ற கதைக்கு வருவோம். பிழைகளைப் பார்த்த பிறகு குழாயில் கசிவு உண்டா என்று சோதிக்க வேண்டும். அதற்கு 'யூ' வடிவமான கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஊற்றிய கருவி ஒன்று இருக்கிறது. மனோமீட்டர் என்று பள்ளிக்கூட லாபரட்டரியில் நாம் பிள்ளைகளுக்குக் காட்டுவதேதான். குழாயில் அழுத்தம் ஏறினால் ஒரு பக்கத் தண்ணீர் தாழ்ந்து மறு பக்கத் தண்ணீர் உயரும். முதலில் 7 முதல் 10 மில்லிபார் வரை மட்டும் அழுத்தம் ஏற்றி, வால்வை மூடி, ஒரு நிமிஷம் பார்க்க வேண்டும். இந்தப் பாதி அளவு எதற்கு என்று நாம் கேட்டோம். நல்ல கேள்வி என்று நம்மையே மெச்சினார். மூடிய வால்வ் சரியாக மூடாமல் தெருப் பக்கத்துக் காஸை உள்ளே கசிய விட்டால், பாதி அளவில் நிற்கும் தண்ணீர் மேலே ஏறிக் காட்டிக் கொடுத்துவிடும். முழு அளவுக்கு ஏற்றி வைத்திருந்தால், உள்ளே வருவதும் வெளியே போவதும் ஒன்றை ஒன்று மறைத்து, தண்ணீர் அசையாமல் நின்று பொய் சாட்சி சொல்லும். அது முடிந்த பிறகுதான் 20 மில்லிபாருக்கு மேல் சிறிது ஏற்றுவது. தண்ணீரின் உயரத்தில் சொன்னால் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. நிலைகொள்ள ஒரு நிமிஷம் விட்டு, பின்னர் இரண்டு நிமிஷம் கண் கொட்டாமல் பார்க்க வேண்டும்.

நம் நண்பர் எல்லாவற்றையும் முறைப்படி செய்தார். தண்ணீர் காற்றில்லாத இடத்துத் தீபம் போல அசையாமல் நின்றது. அதுவரை ஒன்பது பிழைகள் கண்டுபிடித்திருந்தார். உள்ளுக்குள் கொஞ்சம் கர்வமும் வந்துவிட்டது. "முடிந்தது" என்று பரீக்ஷகரிடம் சொன்னார்.

பரீக்ஷகர் வயதானவர். ஒன்றும் பேசாமல் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியிலிருந்த அலமாரிக் கதவைத் திறந்தார். அங்கே, முன்பு எதற்கோ போட்டிருந்த கிளைக் குழாய் ஒன்று அரையடி நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. நுனியில் ஒரு வால்வ். வால்வ் மூடியிருந்தது. அதற்கு அப்பால் மூடி இல்லை. குழாயின் வாய் திறந்தே கிடந்தது.

"இதைப் பார்த்தாயா?" என்றார்.

"பார்த்தேன். வால்வ் மூடியிருக்கிறது. சோதனையில் அழுத்தமும் இறங்கவில்லை."

பரீக்ஷகர் கருவியைப் பார்க்கும்படி கைகாட்டினார். பிறகு ஒரே ஒரு விரலால் அந்த வால்வின் பிடியைத் தட்டினார். 'உஸ்' என்று ஒரு சப்தம். சாண் உயரத் தண்ணீர் ஒரு நொடியில் சமமாகிவிட்டது.

"ஸார், அவர் வேறொன்றும் கேட்கவில்லை. இந்த அலமாரியில் துடைப்பமும் வாளியும் வைப்பார்களா மாட்டார்களா, அவ்வளவுதான் கேட்டார்" என்றார் நண்பர்.

வால்வ் என்பது வழி, அடைப்பு அல்ல. உபயோகத்தில் இல்லாத குழாயின் வாயைத் திருகு மூடி போட்டு அடைத்தே தீர வேண்டும். வெறும் வால்வை நம்பி விட்டது 'உடனடி அபாயம்' என்ற வகையைச் சேர்ந்தது. பத்தில் ஒன்பது சரியாகச் சொன்னவனுக்கு நம் பள்ளிக்கூடத்தில் தொண்ணூறு மார்க்கு, முதல் வகுப்பு, தலைமையாசிரியர் கையால் புத்தகப் பரிசு. அங்கே அவருக்குக் கிடைத்தது, பின்னொரு நாள் வந்து மறுபடி செய் என்ற உத்தரவு. அந்தப் பத்தாவது பிழை இருக்கிற வீட்டில் குடியிருப்பவனுக்கு மற்ற ஒன்பதைக் கண்டுபிடித்ததினால் என்ன பிரயோஜனம்? முப்பத்தைந்து மார்க்குக்குத் தேர்ச்சி போட்டுப் போட்டுப் பழகிய நமது கைக்கு இந்தக் கணக்கு எளிதில் பிடிபடவில்லை.

அன்று அவர் வீடு திரும்பிய நிலையை அதிகம் விவரிக்கவில்லை. வேலை கொடுப்பதாகச் சொன்னவர் சீட்டு வந்தால்தான் கொடுப்பேன் என்று சொல்லியிருந்தார். வீட்டு வாடகைக்குத் தவணை நெருங்கிக்கொண்டிருந்தது. மனைவியிடம், "தேதி தள்ளிப் போயிருக்கிறது" என்று மட்டும் சொன்னாராம். மூன்று வாரம் கழித்து இரண்டாந்தடவை போனபோது, அலமாரி அலமாரியாகத் திறந்து தலையை உள்ளே விட்டுப் பார்த்துத் தேறிவிட்டார்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்களுக்கு அந்த நாட்டாரிடம் ஒரு கதை இருக்கிறது. லண்டனின் கீழ்ப்பகுதியில் 'ரோனன் பாயிண்ட்' என்று ஒரு 22 மாடிக் கட்டடம். கட்டித் திறந்து இரண்டு மாதந்தான் ஆகியிருந்தது. 1968-ம் வருஷம் மே மாதம் 16-ந் தேதி விடியற்காலை, ஆறு மணி அடிக்கக் கால் மணி இருக்கும். 18-வது மாடியில் குடியிருந்த ஒரு மாது தேநீர் போடுவதற்காக எழுந்து சமையலறைக்குப் போய் நெருப்புக் குச்சியைக் கிழித்தாள். இரவெல்லாம் கசிந்திருந்த காஸ் வெடித்தது. கட்டடத்தின் சுவர்களெல்லாம் வேறிடத்தில் வார்த்துக் கொண்டுவந்து அடுக்கிய பலகைகள். ஒரு சுவர் வெளியே தள்ளப்பட்டதும் மேலே இருந்த மாடிகளுக்குத் தாங்கல் போய்விட்டது. அவை விழுந்த பாரத்தில் கீழே இருந்தவையும் சரிந்தன. ஒரு மூலை முழுவதும் சீட்டுக்கட்டு போல இறங்கியது. 4 பேர் மாண்டனர். 17 பேருக்குக் காயம். அதிகாலை நேரமாதலால் பலர் படுக்கையறையில் இருந்தார்கள். இடிந்தது கூடங்கள் இருந்த பக்கம். ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் தொகை என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. குச்சியைக் கிழித்த மாது உயிர் பிழைத்தாள். அவளுடைய அடுப்பும் பிழைத்தது.

விசாரணை நடந்தது. காரணம், அடுப்பைக் குழாயோடு இணைத்திருந்த ஒரு பித்தளை நட். அது உரிய தரத்தில் செய்யப்படாமல் மெல்லியதாக இருந்து, பிளந்து போயிருந்தது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பித்தளைத் துண்டு! அதைப் பற்றி நண்பரிடம் கேட்டோம்: "உம்முடைய பரீக்ஷையில் தேறியவர் ஒருவர் முதல் நாள் அங்கே போயிருந்தால் கண்டுபிடித்திருப்பாரா?" அவர் சிறிது நேரம் யோசித்தார். "பிளப்பதற்கு முன் போயிருந்தால் முடிந்திருக்காது, ஸார்" என்றார். இந்த விடைக்காக அவரிடம் நமக்கு மதிப்பு அதிகமாயிற்று. கட்டடத்தின் குறையும் வெளிப்பட வெகு காலம் ஆயிற்று. 1986-ல் அதைப் பிரித்து இறக்கியபோது, சுவர்ப் பலகைகள் சேரும் இடங்களில் சாந்துக்குப் பதிலாகப் பத்திரிகைக் காகிதம் திணிக்கப்பட்டிருந்ததைக் கண்டார்கள். காகிதத்துக்கு எத்தனையோ உபயோகம் உண்டு என்று பத்திரிகையில் எழுதுகிற நமக்கும் தெரியும். ஆயினும் இது நாம் எதிர்பாராதது.

அந்த விபத்துக்குப் பின்தான், 1970-ல், காஸ் வேலைக்காரர்களுக்கு ஒரு பதிவேடு ஏற்பட்டது. 'கார்கி' என்பது அதன் சுருக்கப் பெயர். (அங்கே மறைந்த ராணியின் செல்ல நாய்களுக்கும் அதுவே பெயர். எந்தக் 'கார்கி' வந்திருக்கிறது என்பது மணியடித்ததும் குரைக்கிறதா இல்லையா என்பதைக் கொண்டு தெரியும் என்றார் நண்பர்.) முதலில் விருப்பமுள்ளவர்கள் சேரலாம் என்று இருந்தது. 1991 முதல் சட்டத்தின் கட்டாயமாயிற்று. அதன் இடத்துக்குத்தான் 2009-ல் இப்போதைய பதிவேடு வந்தது. பதிவு பெற்றவரிடம் படம் ஒட்டிய அட்டை இருக்கும். அதன் பின்புறத்தில் எந்தெந்த வேலைக்கு அவர் தகுதி பெற்றவர் என்று அச்சிட்டிருக்கும். வீட்டுக்கார அம்மாள் அதைத் திருப்பிப் பார்க்க உரிமை உள்ளவள். பார்ப்பதை அவர் அவமதிப்பாக எண்ணுவதும் இல்லை.

பள்ளிக்கூடத்து மனிதராகிய நமக்கு இதைவிட உறுத்துகிற கதை வேறொன்று உண்டு. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் நியூ லண்டன் என்று ஓர் ஊர். எண்ணெய்க் கிணறுகளால் செல்வம் கொழித்த இடம். பள்ளிக்கூடத்துக்கும் பணப் பஞ்சமில்லை. இருந்தும் நிர்வாகத்தார், மாதம் சில நூறு டாலர் மிச்சம் என்று எண்ணி, எண்ணெய்க் கம்பெனியின் கழிவுக் காஸ் போகும் குழாயிலிருந்து ஒரு கிளையை இழுத்துக் கணப்புகளுக்கு விட்டுக்கொண்டார்கள். அந்தக் காஸுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. எங்கோ ஓர் இணைப்பில் கசிந்து, கட்டடத்தின் தரைக்கு அடியிலிருந்த வெற்றிடத்தில் நிறைந்துகொண்டிருந்தது. சில பிள்ளைகள் தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்ததாகப் பின்னால் தெரிந்தது. தலைவலி என்று சொல்லும் பிள்ளையை எந்த உபாத்தியாயர் நம்புகிறார்? 1937-ம் வருஷம் மார்ச் 18-ந் தேதி, பள்ளிக்கூடம் விடுவதற்குச் சற்று முன், கைத்தொழில் வகுப்பு ஆசிரியர் மரம் தேய்க்கும் மின்சார யந்திரத்தை முடுக்கினார். ஒரு பொறி. கட்டடம் எழும்பி விழுந்தது. பிள்ளைகளும் ஆசிரியர்களுமாக 300-க்குக் கிட்டத்தட்ட மாண்டார்கள்.

அதே 1937-ம் வருஷம் அக்டோபரில்தான் வார்தாவில் மகாத்மாவின் தலைமையில் கூடிய கல்வி மகாநாடு, பிள்ளைகளுக்குக் கைத்தொழில் மூலமாகவே கல்வி அளிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. இரண்டுக்கும் சம்பந்தம் ஒன்றும் இல்லை. ஆனால் கையால் வேலை செய்கிறவனுக்கு அறிவுப் பரீக்ஷை வேண்டும் என்று சீமையில் ஒப்புக்கொண்டார்கள். அறிவுப் பரீக்ஷை தேறினவனுக்குக் கைவேலை தெரிய வேண்டும் என்று மகாத்மா சொன்னதை நாம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. நம்மையே எடுத்துக்கொள்ளுங்கள். பி.ஏ. பட்டம் பெற்றிருக்கிறோம், வீட்டுக் குழாயில் ஒழுகுகிற வாஷரை மாற்றத் தெரியாது.

டெக்ஸாஸில் அதற்குப் பிறகு காஸில் நாற்றச் சரக்குக் கலந்தே விட வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். மற்ற இடங்களிலும் அவ்வழக்கம் பரவியது. இன்று நம் வீட்டு ஸிலிண்டரிலிருந்து வருகிற அந்த அழுகிய நாற்றமும் காஸினுடைய சொந்த நாற்றமல்ல, எச்சரிப்பதற்காகச் சேர்த்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு நாம் திட்டுகிற அந்த நாற்றம் இல்லாமையால்தான் அத்தனை பிள்ளைகள் போனார்கள்.

இந்த இடத்தில் நம் அகத்துக்காரி காபி கொண்டு வந்தாள். கொண்டு வந்தவள் போகவில்லை. "தம்பி, எங்கள் அடுப்பையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போயேன்" என்றாள். அவளுடைய குரலில் ஏதோ இருந்தது. நாம் அதைக் கவனிக்காதது போலக் காபியைக் குடித்தோம்.

நண்பர் உள்ளே போனார். நமது வீட்டுக் காஸ் அவருடைய நாட்டுக் குழாய்க் காஸ் அல்ல. அது காற்றைவிட இலேசானது, மேலே போகும். நம்முடைய ஸிலிண்டர்க் காஸோ காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தண்ணீர் போலத் தரையில் தேங்கி மூலை முடுக்கில் படுத்துக்கொள்ளும். அதைச் சொல்லிக்கொண்டே அவர் முதலில் ரெகுலேட்டரைப் பார்த்தார். பிறகு அடுப்பைச் சற்று முன்னே இழுத்து, பின்னால் சுவரோடு நெரிந்து கிடந்த ஆரஞ்சு வர்ண ரப்பர்க் குழாயை வெளியே எடுத்தார். அதன் மேல் அச்சிட்டிருந்த தேதியை விளக்கு வெளிச்சத்தில் படித்தார். படித்துவிட்டு நம்மைப் பார்த்தார். ஐந்து வருஷக் கெடு முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

நாம் சும்மா இருக்கவில்லை. சோப்பு நீர் கரைத்து வரச் செய்து, இரண்டு முனைகளிலும் நாமே தடவிக் காட்டினோம். ஒரு குமிழிகூட வரவில்லை. "பாரும், கசிவே இல்லையே!" என்றோம்.

"கசிவு இல்லை, ஸார்" என்று ஒப்புக்கொண்டார். ரெகுலேட்டரை மூடி, குழாயைக் கழற்றி, நெரிந்திருந்த இடத்தில் இரண்டு கைகளாலும் மெள்ள வளைத்துக் காட்டினார். ரப்பரில் பல்லியின் தோல் போல நெடுகிலும் வெடிப்பு ஓடியிருந்தது. ஒரு வெடிப்பின் வழியே உள்ளிருந்த கம்பி மின்னிற்று.

"தீபாவளிக்கு முன்னால் இரண்டு தடவை சொன்னேன்" என்றாள் அகத்துக்காரி. அவள் சொன்னது வாஸ்தவம். நாற்றம் வரவில்லையே, என்ன அவசரம் என்று நாம் பதில் சொன்னதும் வாஸ்தவமே.

நண்பர் நம் மேஜையிலிருந்து விடைத்தாள் திருத்தும் சிவப்பு மைப் பேனாவை எடுத்தார். ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டு வரி எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு, ஸிலிண்டரின் கழுத்தில் நூலால் கட்டினார். நம்மிடம் அனுமதி கேட்டாரா என்றால், கேட்டார். கிழவியிடம் கேட்பது போலவே, மிகுந்த மரியாதையோடு கேட்டார். புதுக் குழாய் விற்கும் கடை அதற்குள் அடைத்துவிட்டிருந்தபடியால், அன்று இரவு நம் வீட்டில் ஹோட்டல் இட்டிலி.